காலிக் கிளாஸை மோந்து பாக்கிறவ

என் வீட்டுக்காரிக்கு என்ன வேலைன்னு யாராவது கேட்டா நான் கொஞ்சம் இருமிட்டுத்தான் பதில் சொல்லுவேன். காலிக் கிளாஸை மோந்து பாக்கிறா. சிரிக்காதீங்க. சம்பளம் வாங்கிக்கிட்டுத்தான் மோந்து பாக்கிறா.

எங்க வட்டாரம் பூரா திராட்சைத் தோட்டம். யாரு ஒயின் போட்டாலும் பாட்டில் மேல வட்டாரத்துப் பேரை ஒட்டணும்னா எங்க கூட்டுறவுச் சங்கத்துக்குச் சோதனைக்கு அனுப்பணும். அஞ்சு பேர் தனித்தனித் தடுப்புக்குள்ள உக்காந்து ருசி பாப்பாங்க. யார் வீட்டு ஒயின்னு அவங்களுக்குத் தெரியாது, நம்பர் மட்டும்தான். எங்க வட்டாரத்து ஒயினுக்கே உரிய மழை விழுந்த கல்லு வாசம் இருக்கு, சரின்னு எழுதினா பேரு கிடைக்கும். இல்லேன்னா அது வெறும் ஒயின், எவனும் சீந்த மாட்டான்.

அந்த அஞ்சு பேருக்குப் போற கிளாஸைத் தயார் பண்றது இவ பொறுப்பு. சோப்பே ஆகாது, சுடுதண்ணி மட்டும்தான். பலகை மேல கவுத்து வச்சா உள்ள காத்து புழுங்கிடும்னு கம்பியில தொங்க விட்டுக் காய வைப்பா. காஞ்சதும் ஒவ்வொண்ணா எடுத்து, மூக்கை உள்ள விட்டு ஒரு இழுப்பு. ஒண்ணுமே மணக்கலேன்னா தட்டுல ஏறும். ஏதாவது மணந்துச்சா, மறுபடி தொட்டிக்குப் போகும். சோதனை நாள்ல பன்னிரண்டு ஒயின், பன்னிரண்டு தட்டு, தட்டுக்கு அஞ்சு, ஆக அறுபது கிளாஸ். ஒன்பது வருஷமா ஒரு புகார் கிடையாது.

ஆனா ஒரு சொட்டு ஒயின் அவ தொண்டையில இறங்கினதில்ல. "மோந்து பாத்தாலே கதை முழுக்கத் தெரிஞ்சிடுதுங்க, அப்புறம் எதுக்குக் குடிக்கணும்?"ம்பா.

கதைன்னதும் அடுத்த பைத்தியத்தைச் சொல்லணும். பழைய பிரெஞ்சு நாவல்னா உயிரை விடுவா. லைப்ரரியிலேருந்து தலகாணி தலகாணியா மொழிபெயர்ப்பு எடுத்துட்டு வருவா. நான் ஒண்ணைப் பிரிச்சுப் பாத்தேன். ஒரு ஆளு கோச்சு வண்டியில ஏறினான், நாப்பது பக்கம் ஆகியும் இறங்கல. மூடி வச்சுட்டேன். அவளுக்கோ அதுதான் சுவாரசியம். சமைக்கும்போதே சொல்லுவா: "இவங்க கதையில ஒருத்தன் ஒரு பொய் சொன்னா, அந்தப் பொய்யைக் குடிவைக்க ஒரு வீடே வாடகைக்கு எடுக்கிறாங்க. அப்புறம் அந்த வீட்டுக்கு ஒரு வேலைக்காரி, அவளுக்கு ஒரு அண்ணன்... கடைசியில ஊரே அந்தப் பொய்யிலதான் குடியிருக்குது." இன்னொரு கோபமும் அவளுக்கு உண்டு. "பக்கத்துக்குப் பக்கம் ஒயின் குடிக்கிறாங்களே, ஒருத்தனாவது கிளாஸை மோந்து பாத்தானா? பாத்திருந்தா பாதிக் கதை நடந்திருக்காது."

நான் அடிதடிப் பட ஆளு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி என் கையில. என் மாமியார், அத்தைன்னுதான் கூப்பிடுவேன், எங்களோடதான் இருக்காங்க. அவங்க எனக்கும் மேல. சாதாரணமா எறும்பை மிதிக்காத மனுஷி, படத்துல சண்டை வந்துட்டா "விடாதே, விடாதே, இன்னொண்ணு போடு!"ன்னு நாற்காலி நுனிக்கு வந்துடுவாங்க. வீட்டுக்காரியும் மடியில புத்தகத்தோட உக்காந்து பாப்பா. சும்மா பாத்தா பரவாயில்ல, கேள்வி கேப்பா. ஹீரோ இருபதாவது மாடிக் கண்ணாடியை உடைச்சுக்கிட்டுப் பாய்வான், நான் மூச்சுப் பிடிச்சு உக்காந்திருப்பேன், இவ நிதானமா, "ஏங்க, இந்தக் கண்ணாடியை எல்லாம் யாரு கூட்டுவா?"

"அடப் போம்மா!"

"இல்லைங்க, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேக்கிறேன்."

நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேப்பா, அதுதான் அவகிட்ட பிரச்சினை. உலகத்துல எதையும் சும்மா விட மாட்டா.

இப்ப என்னைப் பத்தி. அதே சங்கத்துல நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன். நல்ல டிரைவர்தான். ஆனா போன வருஷம் மேட்டுத் தோட்டத்துக்காரரோட பீப்பாயை வண்டி முனையால லேசா ஒரு தட்டு தட்டிட்டேன். லேசான்னா, கொஞ்சம் பலமா. அந்த மனுஷன் இருபது பேர் முன்னாடி எனக்கு 'இடிமன்னன்'னு பேரு வச்சார். அன்னிலேருந்து கேட்டுல நிக்கிற காவல்காரர்கூட "என்ன இடிமன்னா, சாப்பாடு ஆச்சா?"ன்னுதான் கேக்கிறார். மேட்டுக்காரர் பேரைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். போதாக்குறைக்கு, சோதனைக்கூடத்துப் பொறுப்பாளர், மேடம்னு சொல்லுவோம், கூப்பிட்டு வச்சு, "இன்னொரு பொருள் உன்னால உடைஞ்சுது, வண்டிச் சாவியை வாங்கிடுவேன்"னு கறாரா சொல்லிட்டாங்க.

அந்தப் புதன்கிழமை லிஃப்ட் ரிப்பேர். கழுவுற அறை கீழே, சோதனை அறை மாடியில. வீட்டுக்காரி அறுபது கிளாஸையும் மோந்து பாத்து, தட்டு தட்டா அடுக்கி, "பத்திரம், மெதுவா"ன்னு என்கிட்ட கொடுத்தா. பதினோரு தட்டு ஏத்தியாச்சு. பன்னிரண்டாவதை எடுத்துக்கிட்டுப் போறேன், கையில தட்டு இருக்கே, கதவை இடுப்பால தள்ளினேன். படத்துல அப்படித்தானே தள்ளுவான்? கதவு திரும்பி வந்து ஒரு மொத்து மொத்துச்சு. அஞ்சு கிளாஸும் போச்சு.

யாரும் பாக்கல. சில்லையெல்லாம் கூட்டி அள்ளிக் குப்பைத் தொட்டியில அடியில போட்டேன். மாடி ஸ்டோர் ரூம்ல ரெண்டு வருஷமா ஈரச் சுவரை ஒட்டி ஒரு அட்டைப்பெட்டி கிடந்துச்சு, புதுக் கிளாஸ். அதை நெஞ்சோட அணைச்சுத் தூக்கி வந்து, அஞ்சை எடுத்துக் குழாயில காட்டி, சட்டை நுனியால துடைச்சேன். பளபளன்னு இருந்துச்சு. பளபளன்னு இருந்தா போதும்னு நினைச்சேன். என் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் பலகையில முடிவு ஒட்டினாங்க. பதினோரு ஒயின் பாஸ். பன்னிரண்டாவது ஃபெயில். அஞ்சு பேரும் பேசி வச்ச மாதிரி எழுதியிருந்தாங்க: 'பூசணம். நனைஞ்ச அட்டை நாத்தம்.' யாருடைய ஒயின்னு பாத்தா, மேட்டுத் தோட்டத்துக்காரருடையது!

பொய் சொல்லல, முதல்ல எனக்குக் குளுகுளுன்னு இருந்துச்சு. நல்லா வேணும்னு நினைச்சுக்கிட்டேன். அட்டைப்பெட்டியும் அட்டை நாத்தமும் மண்டையில ஒண்ணு சேர முழுசா ஒரு டீ குடிக்கிற நேரம் பிடிச்சுது. சேர்ந்ததும் டீ கசந்துபோச்சு.

மேட்டுக்காரர் வந்தார். சண்டை போடுவார்னு பாத்தா, சத்தமே இல்ல. மறுசோதனை கேட்டு எழுதிக் கொடுக்கலாம்; அதுக்குன்னே ஒரு பாட்டில் ஏழு நாள் பூட்டி வச்சிருப்பாங்க. மேடமே அதை எடுத்துச் சொன்னாங்க. அவர் தலையை ஆட்டிட்டார். "ஒருத்தர் ரெண்டு பேர் சொன்னா சண்டை போடுவேன் மேடம். அஞ்சு நாக்கும் ஒண்ணே சொல்லுதுன்னா என் பீப்பாய்தான் கெட்டிருக்கு. திங்கக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு டேங்கர் வருது. மொத்தத்தையும் வினிகருக்கு ஊத்திடறேன்." சொல்லிட்டு என்னைத் தாண்டித்தான் போனார். இடிமன்னான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல.

எல்லாரும் அதோட விட்டுட்டாங்க. என் வீட்டுக்காரி விடுவாளா? அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டாம, "ஏங்க, ஒரு ஆச்சரியம் கேளுங்க"ன்னா. நேத்து பன்னிரண்டாம் தட்டுக் கிளாஸைக் கழுவ எடுத்தப்பவே அந்த நாத்தம் வந்துச்சாம். பாட்டில்ல மிச்சம் ஒரு வாய் இருந்துச்சாம். அதை வேற கிளாஸ்ல ஊத்தி மோந்து பாத்தாளாம். "சுத்தமா இருக்குங்க! மழை விழுந்த கல்லு வாசம், அவ்வளவு அழகா. அப்ப ஒயின்ல தப்பில்ல. கிளாஸ்ல தப்பு."

"அப்படியா?"ன்னேன்.

"ஆனா அந்த அஞ்சையும் நான்தானே மோந்து பாத்து அனுப்பினேன்? ஒண்ணுமே மணக்கலையே?" மூக்கை விரலால தொட்டுப் பாத்துக்கிட்டா. "போன மாசம் காய்ச்சல் வந்துச்சே, அதுல போயிடுச்சோ?"

அங்கேயே சொல்லியிருக்கணும். நாலு வார்த்தை. படத்துல நான் கைதட்டுற ஆளுங்க எல்லாம் துப்பாக்கிக்கு முன்னாடி நின்னு பேசுவானுங்க. நான் சமையலறை வாசல்ல நின்னுக்கிட்டு, "ஏதாவது இருக்கும், விடும்மா"ன்னேன். சாவி என் கண்ணு முன்னாடி ஆடிச்சு.

வெள்ளிக்கிழமை அவ மேடத்துகிட்டப் பேசிப் பாத்திருக்கா. மேடம், "நீ சொல்றது சரியாகூட இருக்கலாம். ஆனா பூட்டின பாட்டிலைத் திறக்கணும்னா, ஒண்ணு ஒயின்காரர் எழுதித் தரணும், இல்ல தன் வேலையில தப்பு நடந்துச்சுன்னு யாராவது கையெழுத்துப் போட்டுத் தரணும். மோந்து பாத்தேன்னு வாயால சொல்றதுக்கெல்லாம் திறக்க முடியாதும்மா"ன்னுட்டாங்க. அன்னிக்கு அவ புத்தகத்தை விரிச்சு வச்சிருந்தாளே தவிர, பக்கம் திரும்பல.

சனிக்கிழமை ஆறு மணி. டிவியை நான் போடப் போறேன், இவ தடுத்துட்டா. துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கிட்டா. "அம்மா, வீட்டுல இருக்கிறது ஒவ்வொண்ணா என் மூக்குகிட்ட கொண்டு வா. எது என்னன்னு சொல்றேன். தப்பாச் சொன்னா மறைக்காதே."

அத்தைக்கு ஒரே குஷி. வெங்காயம், சொன்னா. சோப்பு, எந்தக் கம்பெனின்னும் சொன்னா. ஷூ பாலிஷ். தீப்பெட்டி. லைப்ரரிப் புத்தகம், "கடைசியா எடுத்தவர் சிகரெட் பிடிக்கிறவர்"ன்னா. வெறும் தண்ணி டம்ளரை நீட்டினதுக்கு, "பித்தளைச் செம்புல இருந்த தண்ணி"ன்னா. அத்தை "அடேங்கப்பா!"ன்னு கை தட்டினாங்க. ஒவ்வொண்ணு சரியா வரும்போதும் அவ முகம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சமாச்சு. நான் சோபாவுல உக்காந்து அந்தக் கட்டின முகத்தையே பாத்துக்கிட்டிருந்தேன். எனக்கு அழுகையா வந்துச்சு, கோபமாவும் வந்துச்சு, எல்லாம் என் மேலதான்.

கடைசியா அத்தை அழுக்குக் கூடைக்குள்ள கையை விட்டு, வந்ததை எடுத்து நீட்டினாங்க. என் சட்டை. புதன்கிழமை போட்டிருந்தது.

ஒரு இழுப்பு இழுத்தா. அப்படியே நின்னா. இன்னொரு தடவை இழுத்தா.

"என்னடி, தெரியலையா?"ன்னாங்க அத்தை.

"தெரியுதும்மா. அவர் சட்டை." துணியை அவிழ்த்துட்டு என் பக்கம் திரும்பல. சட்டையை மடிச்சு, அழுக்குச் சட்டையை, துவைச்ச சட்டையை மடிக்கிற மாதிரி ஒழுங்கா மடிச்சு, கூடைக்குள்ள வச்சா. "என் மூக்கு நல்லாத்தான் இருக்கு. படத்தைப் போடுங்க."

படம் ஓடிச்சு. ஹீரோ ரெண்டு கடைக் கண்ணாடியை உடைச்சான். கேள்வியே வரல. அத்தைகூட ரெண்டு தடவை அவளைத் திரும்பிப் பாத்தாங்க.

ஞாயித்துக்கிழமை பூரா எனக்கு ஒரே குழப்பம். கண்டுபிடிச்சிட்டாளா, இல்லையா? கண்டுபிடிச்சிருந்தா ஏன் என்னைக் கிழிக்கல? பக்கத்துல போய் உக்காந்து பேச்சுக் கொடுத்துப் பாத்தேன். "உன் கதையில ஒரு நோட்டரி இருந்தானே, யாரோ கொடுத்த கடிதத்தை டிராயர்ல ஒளிச்சு வச்சுக்கிட்டு... அவன் என்ன ஆனான்?"

"இன்னும் டிராயர்லதான் வச்சிருக்கான். முந்நூறு பக்கமா."

"கடைசிப் பக்கத்தைப் பிரிச்சுப் பாத்துட வேண்டியதுதானே?"

"நான் எந்தக் கதைக்கும் கடைசிப் பக்கத்தை முதல்ல பாக்க மாட்டேங்க. உங்களுக்குத் தெரியாதா?"ன்னுட்டு மறுபடி படிக்க ஆரம்பிச்சா.

திங்கக்கிழமை ரெண்டரை மணி இருக்கும். ஃபோர்க்லிஃப்ட்ல பாட்டில் பெட்டி ஏத்திக்கிட்டிருந்தேன். ஆபீஸ் ஜன்னல் வழியா மேட்டுக்காரர் தெரிஞ்சார். ஃபெயில் காகிதத்துல கையெழுத்துப் போட வந்திருந்தார். பேனாவை வாங்கி, மூடியைக் கழட்டி, மறுபடி மாட்டிக்கிட்டு, சும்மா உக்காந்திருந்தார். வண்டியை அங்கேயே நிறுத்தினேன். எப்படி உள்ளே போனேன்னு தெரியல. கதவை மட்டும் கையால தள்ளினேன், அது ஞாபகம் இருக்கு.

"மேடம், பன்னிரண்டாம் தட்டு என்னால உடைஞ்சுது. ஸ்டோர் ரூம் அட்டைப்பெட்டியிலேருந்து அஞ்சு கிளாஸ் எடுத்து வச்சேன். மோந்து பாத்தது வேற, உள்ள போனது வேற. என் வீட்டுக்காரி மேல தப்பில்ல. இவர் ஒயின்லயும் தப்பில்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

மேடம் ஒரு காகிதத்தை நீட்டினாங்க. எழுதினேன். எழுதி முடிச்சதும் இன்னொரு கையை நீட்டினாங்க, எனக்குப் புரிஞ்சுது, வண்டிச் சாவியை அதுல வச்சேன். மேட்டுக்காரர் போனை எடுத்து டேங்கர்காரன்கிட்ட வராதேன்னு சொன்னார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பாத்தார். அடிப்பார்னு நினைச்சேன். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"நாலு நாளா என் பீப்பாய் ஒவ்வொண்ணையும் மோந்து பாத்துக்கிட்டிருந்தேன்யா. எதுலயுமே நாத்தம் இல்ல. சரி, நமக்கு மூக்கு போச்சுன்னு நினைச்சுட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டல. என் வீட்டுல ஒருத்தி கண்ணைக் கட்டிக்கிட்டு நின்னது எனக்கு ஞாபகம் வந்துச்சு. ஒரே பெட்டியால ரெண்டு பேர் மூக்கைக் கெடுத்திருக்கேன். மன்னிச்சுக்குங்கன்னு சொன்னேன். அவர் பேனாவை மேஜையில வச்சுட்டுக் கிளம்பினார். மன்னிக்கணும்னு கட்டாயமும் இல்லையே.

மறுநாள் காலையில பூட்டின பாட்டிலைத் திறந்தாங்க. அஞ்சு பேரும் பாஸ் போட்டாங்க. எனக்கு ஒரு மாசம் வண்டி கிடையாது, கழுவுற அறையில வேலை. யாருக்குக் கீழேன்னு கேக்காதீங்க. "இதுல சோப்பு வாசம் வருது, மறுபடி கழுவுங்க", "கவுத்து வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" இதெல்லாம் தினமும் வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

ஆனா நான் சொல்ல வந்தது அந்தத் திங்கக்கிழமை சாயங்காலம். நாங்க ரெண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்கு வந்து முகம் கழுவிட்டு, நாவலை எடுத்து, அதுல அடையாளத்துக்கு வச்சிருந்த மடிச்ச காகிதத்தை உருவி என் கையில கொடுத்தா. வெள்ளிக்கிழமை தேதி போட்டிருந்துச்சு. மேடத்துக்கு எழுதினது. 'கிளாஸை மோந்து பார்த்து அனுப்பியதில் தவறு என்னுடையது. என் மூக்கின் மேல் எனக்கு இனி நம்பிக்கை இல்லை. இந்த வேலைக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டு, அந்தப் பாட்டிலை மட்டும் தயவுசெய்து திறந்து பாருங்கள்.' கீழே கையெழுத்து. குண்டு குண்டா, ஸ்கூல் பிள்ளை மாதிரி.

"சனிக்கிழமை உங்க சட்டையை மோந்ததும் இது வேண்டாம்னு ஆயிடுச்சு"ன்னா.

"அப்பவே தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு இருந்துச்சு." கோபமே இல்லாம, கண்ணாடியை யாரு கூட்டுவான்னு கேக்கிற அதே குரல்ல சொன்னா. "நாலு மணி வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன். அதுக்கு மேல நானே மேடத்துகிட்டப் போய் உங்க பேரைச் சொல்லியிருப்பேன். அந்த மனுஷனோட ஒரு வருஷ உழைப்பை உங்களுக்காக விட முடியுமா?"

"முடியாது"ன்னேன்.

"கிழிச்சுப் போடுங்க அதை. வேற அடையாளம் வச்சுக்கிறேன்."

கிழிக்கல. என் பர்ஸுல, லைசென்ஸுக்குப் பின்னால இருக்கு. வண்டிச் சாவி திரும்பக் கிடைச்சு நாளாச்சு. ஒவ்வொரு தடவை பர்ஸைத் திறக்கும்போதும் ஒரே கேள்விதான் வருது. வெள்ளிக்கிழமையே அவ இதை மேடம் மேஜையில வச்சிருந்தா, பாட்டில் திறந்திருக்கும், மேட்டுக்காரர் பிழைச்சிருப்பார், பழி அவ மேல போயிருக்கும், சாவி என் கையிலேயே இருந்திருக்கும். அப்ப நான் வாயைத் திறந்திருப்பேனா?

உலகத்துல இருக்கிற எல்லாத்தையும் கேக்கிறவ, இதை மட்டும் இதுவரைக்கும் என்கிட்ட கேக்கல.